மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது? பிள்ளைகளுக்குப் பிழையையா சொல்லிக்கொடுக்கிறோம்?

வெள்ளவத்தை அப்பா:
என் மகள் அடுத்த வருஷம் சாதாரண தரம் எடுக்கிறாள். நேற்று இரவு விஞ்ஞானப் பயிற்சி செய்துகொண்டிருந்தவள், மின்னோட்டம் பற்றரியின் நேர் முனையிலிருந்து கிளம்பி பல்ப் வழியாக மறை முனைக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டாள். அடுத்த பக்கத்திலேயே, கம்பியில் ஓடுவது இலத்திரன், அது மறையிலிருந்து நேருக்குப் போகிறது என்றும் எழுதினாள். "அப்பா, இரண்டில் எது உண்மை?" என்று கேட்டாள். ரியூசனில் இதைக் கேட்டதற்கு "அதைப் பற்றி யோசிக்காதே, அம்பை மட்டும் போடு" என்றார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. தொம்சன் இலத்திரனைக் கண்டுபிடித்தது 1897 இல். இவ்வளவு காலம் கழித்தும் தலைகீழான அம்பை ஏன் இன்னும் போடவைக்கிறோம்? மாற்றிவிட்டால் என்ன?

மட்டக்குளி வயர்மன்:
அண்ணா, நான் இருபத்தேழு வருஷமாக வயரிங் வேலை செய்கிறேன். மல்டிமீற்றர், சோலார் பெனல், பற்றரி, சேர்க்கிட் வரைபடம் எல்லாமே அந்த அம்பை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு எல்ஈடியைக் கையில் எடுத்துப் பாருங்கள், நீளமான கால் நேர் முனை. வரைபடத்தில் அதன் முக்கோணம் எந்தப் பக்கம் குத்துகிறதோ அந்தப் பக்கம்தான் மின்னோட்டம். இதை மாற்றப் போனால் பாதிப் பேர் பழைய அம்பிலும் பாதிப் பேர் புதிய அம்பிலும் வேலை செய்வார்கள், சாமான் எரியும், ஆளுக்கும் ஆபத்து. ஒருவர் முடித்த வேலையை இன்னொருவர் திறந்து பார்க்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே பாஷை வேண்டும்.

வெள்ளவத்தை அப்பா:
தம்பி, உங்கள் வேலைக்கு அது வசதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வசதி வேறு, உண்மை வேறு. பழைய குழாய் டீவியை நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் சூடாகும் மறை முனையிலிருந்து இலத்திரன் பாய்ந்து வந்து திரையில் மோதித்தான் படம் தெரிந்தது. நேர் முனையிலிருந்து எதுவும் கிளம்பி வரவில்லை. கண் முன்னால் நடந்த விஷயம் இது. எது நேர், எது மறை என்று அந்தக் காலத்தில் பிராங்ளின் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஊகித்தார், ஊகம் பிழைத்தது, அவ்வளவுதானே?

பௌதிக ரீச்சர்:
"அவ்வளவுதானே" என்று முடித்துவிட முடியாது. பிராங்ளின் காலத்தில், 1740களில், கையில் இருந்தது தேய்த்த கண்ணாடியும் தேய்த்த பிசினும்தான். இரண்டு வகை மின் இருக்கிறது என்று டு ஃபே ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிராங்ளின், இல்லை, ஒரே ஒரு பாய்மம்தான், பட்டுத் துணியால் தேய்த்த கண்ணாடியில் அது மிகையாகச் சேருகிறது, அதனால் கண்ணாடி நேர் என்றார். உண்மையில் கண்ணாடி இலத்திரனை இழக்கிறது. ஆனால் எது மிகை, எது குறை என்று அன்றைக்கு யாராலும் பார்க்க முடியாது. ஒரு பெயரை வைத்தாக வேண்டும், வைத்தார்.

பிறகு 1800 இல் வோல்டா வெள்ளியையும் துத்தநாகத்தையும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியோடு மாறிமாறி அடுக்கி, நின்றுவிடாமல் ஓடும் மின்னோட்டத்தை உண்டாக்கினார். அதற்குப் பிறகுதான் திசை என்ற கேள்விக்கே வேலை வருகிறது. 1820 இல் ஏர்ஸ்டெட் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தபோது ஊசி திரும்பியது. பற்றரி முனைகளை மாற்றினால் எதிர்ப்பக்கம் திரும்பும். அம்பியருக்கு அதைக் கணக்காக்க ஒரு திசை தேவைப்பட்டது. ஓமின் விதி, 1831 இல் பரடேயின் தூண்டல் எல்லாம் இலத்திரன் என்ற சொல்லே இல்லாத காலத்தில் வந்தவை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் இந்த நாட்டின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று வாதாடியதும், 1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அந்த விதிகளை நம்பித்தான். அம்பு பிழையாக இருந்தால் இவற்றில் ஒன்றாவது வேலை செய்யாமல் போயிருக்க வேண்டுமே!

மறை ஏற்றம் இடப்பக்கம் போவதும் நேர் ஏற்றம் வலப்பக்கம் போவதும் கணக்கில் ஒன்றுதான். ஊசிக்கும் வித்தியாசம் தெரியாது, பல்ப்புக்கும் தெரியாது. கம்பிக்குள் ஓடுவது எந்த ஏற்றம் என்று பிரித்துக் காட்டிய பரிசோதனை 1879 இல்தான் வந்தது. மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் ஓடும்போது ஹோல் அதைக் காந்தப்புலத்தில் வைத்தார், ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றியது. ஓடும் ஏற்றம் மறையா நேரா என்பதைப் பொறுத்து அந்த அழுத்தத்தின் பக்கம் மாறும். செம்பில் அது மறை என்று காட்டுகிறது. சில குறைகடத்திகளில் நேர் என்று காட்டுகிறது. அம்பைத் திருப்பினால் அங்கே என்ன செய்வீர்கள்?

தெகிவளை மாணவன்:
ஒரு கேள்வி. இவ்வளவு சண்டையும் பற்றரிக்குத்தானே? வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு ஐம்பது தடவை போய்த் திரும்புகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 அம்பியர் எடுக்கும் இஸ்திரிப்பெட்டி, 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி. ஒரே பக்கம் ஓடும் நேரோட்டமாக இருந்தால் இலத்திரன் செக்கனுக்குக் கால் மில்லிமீற்றர் அளவில் நகரும். ஒரு மீற்றர் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆடலோட்டத்தில் அதுவும் இல்லை, இருந்த இடத்திலிருந்து மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. கடையில் வாங்கி வந்த கம்பியில் இருந்த இலத்திரன் அந்த வீட்டிலேயேதான் இருக்கிறது. நாம் கரண்ட் பில் கட்டுவது இலத்திரனுக்கு இல்லை, சக்திக்கு.

வெள்ளவத்தை அப்பா:
அப்படியென்றால் சுவிட்ச் போட்டதும் லைட் எப்படி உடனே எரிகிறது? மகள் அடுத்து இதைத்தான் கேட்பாள்.

பௌதிக ரீச்சர்:
வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஒரு முழம் நகர்வதற்குள் கொளுக்கிக்குக் கொளுக்கி 'டக் டக்' என்று இழுபட்டு, கடைசிப் பெட்டி குலுங்கிவிடும். பெட்டிகள் மெதுவாகத்தான் நகர்கின்றன, இழுப்பு வேகமாக ஓடுகிறது. கம்பியில் இழுப்பு என்பது மின்புலம், அது ஒளியின் வேகத்துக்குக் கிட்டப் பரவும். கம்பி முழுக்க இலத்திரன் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், சுவிட்சிலிருந்து ஒன்று ஓடி வந்து பல்ப்பைத் தொட வேண்டியதில்லை.

மட்டக்குளி வயர்மன்:
மெதுவாக நகர்கிறது என்று வாசித்துவிட்டு யாரும் வயரைத் தொடாதீர்கள். உடம்புக்குள்ளும் நகர வேண்டிய அவசியம் இல்லை, இதயத்தின் துடிப்பைக் குழப்பினால் போதும். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழும்படி வைத்திருப்பது அதனால்தான். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேராக இணைக்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம் நான் வேலையை ஒப்புக்கொள்வதே இல்லை.

வெள்ளவத்தை அப்பா:
நேற்று ரீச்சர் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இன்று பின்னேரம் நாலு தேசிக்காய், நாக (துத்தநாக) முலாம் பூசிய நாலு ஆணி, செப்புக் கம்பித் துண்டுகள், ஒரு சிவப்பு எல்ஈடி வைத்துக் குசினி மேசையில் இருந்தோம். தேசிக்காயை உருட்டிப் பிசைந்து, ஒன்றின் செம்பை மற்றதன் ஆணியோடு தொடுத்து, எல்ஈடியின் நீளமான காலை செம்புப் பக்கம் வைத்தால், லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது மங்கலாக எரிகிறது. காலை மாற்றினால் எரியவில்லை. மகள் அதை ஏழெட்டுத் தடவை மாற்றிமாற்றிப் பார்த்தாள்.

அம்பை மாற்ற வேண்டும் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் இந்தக் கதையை வகுப்பில் சொல்லாமல் அம்பை மட்டும் போடு என்பது பிழை, அதில் நான் மாறமாட்டேன்.

பௌதிக ரீச்சர்:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். நாற்பது நிமிஷத்தில் பாடம் முடிக்க வேண்டியிருக்கிறது என்பது காரணம்தான், ஆனாலும் பத்து நிமிஷம் ஒதுக்கலாம். மகளிடம் இதையும் சொல்லுங்கள்: தேசிக்காய்க்குள் இலத்திரன் நீந்திப் போவதில்லை. ஆணியிலிருந்து கரையும் நாக அயனும், அமிலத்தின் ஐதரசன் அயனும் நேர் ஏற்றத்தோடு செம்புப் பக்கம் போகின்றன, மறை அயன்கள் எதிர்ப்பக்கம் வருகின்றன.

வெள்ளவத்தை அப்பா:
சொன்னேன். கொப்பியை எடுத்துத் தேசிக்காயைப் பெரிதாக வரைந்து, உள்ளே இரண்டு அம்பு, வெளியே கம்பியில் ஒரு அம்பு போட்டிருக்கிறாள். கம்பியில் போட்டது இலத்திரனுக்கு என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள்.