பீரியட் படத்தில் பழைய காலத்தைக் கொண்டுவருவது செட்டா, கேமராவா?

பழையரீல்:
செட், உடை, நகை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள், ஆனாலும் சில பீரியட் படங்கள் மாறுவேடப் போட்டி மாதிரியே இருக்கின்றன. மேலே ஒரு பழுப்பு டின்ட் வேறு, ஏதோ அந்தக் காலத்தில் வெயிலே அந்த நிறத்தில்தான் அடித்தது போல. வேறு சில படங்களில் இரண்டாவது ஷாட்டிலேயே உள்ளே போய்விடுகிறோம். லென்ஸ், லைட்டிங், எடிட்டிங்கில் இயக்குநர் எடுக்கும் முடிவுகளால்தானா இது? குப்ரிக் தன் 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்த கதை தெரியும், அதுவும் நாசா லென்ஸ் என்பதோடு சரி.

ஃபோகஸ்புல்லர்:
அந்தக் கதையில் எல்லோரும் லென்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். நாசாவுக்காக ஸைஸ் (Zeiss) என்ற லென்ஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ., எஃப் 0.7 லென்ஸ் அது, மங்கலான வெளிச்சத்திலும் படமெடுக்கும் அளவுக்கு அகலமாகத் திறக்கும். அவ்வளவு திறந்த லென்ஸில் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு, நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். அதனால் சீட்டாட்டக் காட்சிகளில் அவர்கள் ஏறக்குறைய அசையாமல் உட்கார வேண்டியிருந்தது, அந்த அசைவின்மைதான் 18ஆம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியத்தின் சாயலைக் கொடுக்கிறது. அப்புறம் அந்த ஸூம். ஒருவரின் அருகில் தொடங்கி மெதுவாகப் பின்வாங்கும், ஆள் நிலக்காட்சியில் ஒரு புள்ளியாகிவிடுவார். குப்ரிக் நம்மை அந்தக் காலத்துக்குள் கூட்டிப்போகவே இல்லை, தள்ளி நிறுத்தி வைத்துத்தான் காட்டுகிறார்.

நள்ளிரவுக்காட்சி:
தள்ளி நிறுத்துவது ஒரு வழி, அவ்வளவுதான். மைக்கேல் மான் 2009இல் 'பப்ளிக் எனிமீஸ்' படத்தில் நேர் எதிராகச் செய்தார். 1930களின் கொள்ளைக்காரன் கதையை டிஜிட்டலில் எடுத்தார், இரவுக் காட்சிகளில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல்கூடத் தெரியும். வீடியோ மாதிரி இருக்கிறது என்று பலர் திட்டினார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அந்தக் கொள்ளைக்காரன் டில்லிஞ்சருக்கு அது 'அந்தக் காலம்' கிடையாதே, இன்றைய ராத்திரிதானே!

ஃபோகஸ்புல்லர்:
துப்பாக்கிச் சண்டைகளுக்குச் சரி. பகல் காட்சிகளில் எனக்கு மேக்கப்தான் தெரிந்தது.

கடைசிவரிசை:
டின்ட் பற்றிக் கேட்டீர்களே, 'ஹே ராம்' பாருங்கள். கிழவர் சாகக் கிடக்கும் 1999 கறுப்பு வெள்ளை, 1940கள் முழுக்க வண்ணம். வழக்கத்தைத் தலைகீழாக்கியதால், அவருக்கு உயிரோடு இருப்பது எந்தக் காலம் என்பது வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது. பழுப்பு டின்டால் இது முடியாது, அது தேதியை மட்டும்தான் சொல்லும்.

பெரிய செட் இல்லாமலும் முடியும். 'சன் ஆஃப் சால்' (2015) நாஜி முகாமில் நடக்கிறது, ஆனால் சதுரத்துக்குப் பக்கமான ஃப்ரேமில் கேமரா சாலின் முகத்தையும் பிடரியையும் விட்டு நகராது. சுற்றி நடக்கும் கொடூரம் பெரும்பாலும் மங்கலாகத்தான் தெரியும், மீதியைக் காதால் கேட்கிறோம். அதைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்று இயக்குநர் எடுத்த முடிவு அது.

பழையரீல்:
அருமை. எடிட்டிங் பற்றி யாரும் சொல்லவில்லையே?

நள்ளிரவுக்காட்சி:
எடிட்டிங்கே இல்லாத படம் சொல்லட்டுமா? ரஷ்ய இயக்குநர் சொக்குரோவின் 'ரஷ்யன் ஆர்க்', 2002. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அரண்மனைக்குள் சுமார் 96 நிமிடம், ஒரே ஷாட். ஒரு கதவைத் தாண்டினால் வேறு நூற்றாண்டு. நடுவில் கட் இருந்திருந்தால் 'இதோ ஃபிளாஷ்பேக்' என்று மனசு தயாராகிவிடும், இங்கே அதற்கு நேரமே கொடுப்பதில்லை. முதல் கால் மணி நேரம் பொறுமை வேண்டும், அப்புறம் அந்த நடன விருந்து வரும்போது போனை எடுக்கவே தோன்றாது.