26 அங்குலக் குழலா, 16 அங்குலக் குழலா: பாயின்ட் டூ டூ ரைஃபிளில் நாங்கள் அளந்து பார்த்த வேகம்

காரைக்குடி உறுப்பினர்:

குழல் நீளமாக இருந்தால் குண்டு வேகமாகப் போகும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். உரிமத்துக்காக அலைந்து முடித்து, 26 அங்குலக் குழலுடைய பாயின்ட் டூ டூ (.22, குழல் துளை 5.6 மில்லிமீட்டர்) போட்டி ரைஃபிள் ஒன்றை வாங்கியதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். சென்ற பங்குனியில் என் அம்மான் மகன் பள்ளத்தூரிலிருந்து தன் 16 அங்குலக் குழல் ரைஃபிளையும், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் என்ற கருவியை இரவல் வாங்கி அதையும் எடுத்துக்கொண்டு வந்தான். இருவரும் மதுரைப் பக்கம் உள்ள பயிற்சிக்களத்துக்குப் போய், ஒரே பெட்டித் தோட்டாவை இரண்டிலும் சுட்டு வேகத்தை அளப்பது என்று முடிவாயிற்று. பெட்டியில் சாதாரண வேகம் என்று அச்சிட்டிருந்தது. குண்டு 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் ஈயம்.

முதல் அரைமணி நேரம் வீண். கருவியைக் குழல் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வைத்திருந்தோம். குண்டோடு சேர்ந்து பீறிடும் வாயுவையே அது குண்டு என்று எண்ணிக்கொண்டது. போதாக்குறைக்குத் தகரக் கொட்டகையின் டியூப்லைட் துடிப்பு அதன் ஒளிக்கண்களைக் குழப்பியது. ஒரு குண்டு வினாடிக்கு 900 மீட்டர் என்று காட்டியது, அடுத்த குண்டுக்கு ஒன்றுமே காட்டவில்லை. விளக்கை அணைத்து, கருவியை மூன்று மீட்டர் தள்ளி வெயிலில் வைத்த பிறகுதான் எண்கள் ஒழுங்குக்கு வந்தன.

துப்பாக்கிக்குப் பத்துக் குண்டுகள், மாற்றி மாற்றிச் சுட்டோம். குட்டைக் குழலின் சராசரி வினாடிக்கு 327 மீட்டர், என்னுடைய நீளக் குழலுக்கு 325. "பத்து அங்குல இரும்பைக் கூடுதலாச் சுமந்து ரெண்டு மீட்டரைத் தொலைச்சிருக்கீங்க அயித்தான்" என்று அவன் சொன்னதை இன்றுவரை வீட்டு விசேஷங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரணத்தைத் தேடிப் படித்தபோது வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. இந்தத் தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது எரிந்து தீர்ந்த பிறகு, குண்டு முன்னே நகர நகர வாயுவுக்கு இடம் பெருகி அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. 5.6 மில்லிமீட்டர் துளையில் 16 அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 கன சென்டிமீட்டர் இடம், 26 அங்குலத்துக்கு 16. வாயுவின் உந்துதலும் குழல் சுவரின் உராய்வும் சமமாகும் இடம் பெரும்பாலும் 16 முதல் 19 அங்குலத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்கு மேல் குழல் குண்டுக்கு எதையும் கொடுப்பதில்லை, சிறிது பிடுங்கிக்கொள்ளவும் செய்கிறது. அதிவேகத் தோட்டாக்களில் இந்த உச்சம் சற்றுத் தள்ளி வரக்கூடும். இரண்டரை, மூன்று கிராம் மருந்து நிரப்பும் பெரிய ரைஃபிள்களில் ஒவ்வோர் அங்குலமும் வேகத்தைக் கூட்டுகிறது என்பது உண்மைதான். அந்த அனுபவத்தை அப்படியே பாயின்ட் டூ டூவுக்குப் பொருத்தியதுதான் என் தவறு.

சத்தத்திலும் இது தெரிந்தது. குட்டைக் குழலில் வாயு இன்னும் அழுத்தத்தோடு வெளியேறுவதால் சுருக்கென்று காதில் அறைந்தது. என்னுடையது சிரட்டையைத் தரையில் தட்டியது போல அடங்கி ஒலித்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் சோதனை சுத்தமானது அன்று. ஒரே நீளமுள்ள இரண்டு குழல்கள்கூடத் துளையின் இறுக்கத்தைப் பொறுத்து வேகத்தில் வேறுபடும். ஒரே குழலை அங்குலம் அங்குலமாக அறுத்துக்கொண்டே அளந்தால்தான் நீளத்தின் பங்கு மட்டும் தனியே தெரியும். ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் குழலை அறுத்துக் குட்டையாக்குவது குற்றம், ஆகவே அந்த ஆசையை யாரும் வளர்க்க வேண்டாம். இரண்டு மீட்டர் வேறுபாட்டை வைத்துக் குட்டைக் குழலே வேகமானது என்று சொல்ல மாட்டேன். பத்து அங்குலம் கூட்டியும் வேகம் கூடவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

அதைவிட என்னைத் தொட்டது வேறோர் எண். ஒரே குழலில், ஒரே பெட்டியில், பத்துக் குண்டுகளுக்குள்ளேயே வேகமானதற்கும் மெதுவானதற்கும் 9 மீட்டர் இடைவெளி இருந்தது. 50 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. குழல்களுக்கிடையிலான 2 மீட்டர் வேறுபாடு அந்த இறக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டரைத்தான் மாற்றும். பெட்டிக்குள்ளேயே இருக்கும் 9 மீட்டரோ ஏழு மில்லிமீட்டரை மாற்றிவிடும். 50 மீட்டர் தொலைவுக்கான இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். குழலுக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை நல்ல தோட்டாவுக்குச் செலவழித்திருக்கலாம் என்று அன்று தோன்றியது.

தேவகோட்டை உறுப்பினர்:

கல்லூரியில் என்.சி.சி.யில் 25 கஜத் தொலைவில் படுத்துச் சுட்ட நாளிலிருந்து நீளக் குழலோடு பழகியவன் நான். தாங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கூடுதல் பத்து அங்குலத்தைக் கடக்கக் குண்டுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. சொற்பம்தான் என்றாலும், விசையை இழுத்தவுடன், குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே, தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்த நேரமும் எதிரிதான்; என் குரூப் (அட்டையில் குண்டுகள் பட்ட துளைகளின் கூட்டம்) அகன்றதற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று ஹவில்தார் ஐயா தோளில் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். நம் ஊர்ச் சித்திரையில் 38 டிகிரி என்றால் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 354 மீட்டர். மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 343. வினாடிக்கு 348 மீட்டர் போகும் குண்டு மார்கழியில் ஒலியை முந்திப் படீரென்று சத்தமிடும், சித்திரையில் அந்தச் சத்தம் எழாது. சத்தத்தை வைத்து வேகத்தைக் கணிக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காரைக்குடி உறுப்பினர்:

நன்றி. நீளக் குழலை விற்கிறீர்களா என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். விற்கவில்லை. குறி பார்க்கக் குழலின் முன்னாலும் பின்னாலும் பொருத்திய முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடுவதால் குறி பார்ப்பதில் நேரும் சிறு பிசகு அட்டையில் குறைவாகவே தெரிகிறது. முன்பாரம் இருப்பதால் நின்று சுடும்போது கையாட்டமும் அடங்குகிறது. அம்மான் மகனுடைய ரைஃபிளால் நின்றபடி சுட்டுப் பார்த்தேன். அந்த அட்டையை மட்டும் அவனிடம் காட்டவில்லை.