ஜூலை 22 என்று எழுதிய மாணவி

வடசென்னையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். மெட்ராஸ் தினத்தையொட்டி, நகரம் தோன்றிய வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதிவருமாறு பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் வழங்கப்பட்ட நாள் 1639 ஆகஸ்ட் 22 என்று எல்லோரும் எழுதியிருக்க, ஒரு மாணவி மட்டும் ஜூலை 22 என்று எழுதியிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் சுழித்திருந்தேன். அவளோ, பழைய ஆவணத்தில் அப்படித்தான் இருப்பதாகப் படித்தேன் என்று உறுதியாகச் சொன்னாள். "எட்டு வெப்சைட்ல ஆகஸ்ட்னுதான் மிஸ் இருக்கு" என்றான் ஒரு மாணவன்.

அந்த எட்டுப் பக்கங்களையும் அச்செடுத்து மேசைமேல் பரப்பினோம். ஐந்தில் ஒரே பத்தி அப்படியே இருந்தது. 'நாயக்கர்' என்ற சொல் ஐந்திலும் 'நாயகர்' என்றே பிழையாக அச்சாகியிருந்தது. எட்டுச் சாட்சிகள் நான்காகச் சுருங்கியதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். அந்த நான்கிலும் எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஏழு பேரை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1913இல் வெளிவந்த ஹெச். டி. லவ்வின் 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மெட்ராஸ்' தொகுதிகளையும் வேறு சில நூல்களையும் எடுத்து, அந்தக் காலத்து ஆங்கிலத்தை வரிவரியாகக் கூட்டிப் படித்தார்கள். பழைய ஆவணத்தில் ஜூலை 22 என்று இருப்பது உண்மைதான். ஆனால் கம்பெனிக்காக அந்த நிலத்தைப் பெற்ற அதிகாரி பிரான்சிஸ் டே இங்கு வந்து சேர்ந்ததே ஜூலை 27இல்தான் என்பதால், ஆய்வாளர்கள் அதைப் பிழையாகக் கருதி ஆகஸ்ட் 22ஐ ஏற்கிறார்கள். "வந்தே சேராத ஆளுக்கு எப்படி மிஸ் நிலம் எழுதிக் கொடுத்திருப்பாங்க?" என்று அந்த மாணவியே கேட்டாள்.

சரியான விடை எழுதியவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. தவறாக எழுதியவளிடம் ஓர் ஆதாரம் இருந்தது. இது என்னை வெகுவாக உறுத்தியதால், இப்போது ஒப்படைப்புகளில் பாதி மதிப்பெண்ணைச் செய்தி எங்கே கிடைத்தது, அதை எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதற்கே தருகிறேன்.

சென்ற வாரம் அதே மாணவி, 1752 வரை ஆங்கிலேயர் பின்பற்றிய பழைய ஜூலியன் நாட்காட்டி அப்போது இன்றைய நாட்காட்டியைவிடப் பத்து நாள் பின்தங்கியிருந்ததால் அந்த ஆகஸ்ட் 22 நம் கணக்கில் செப்டம்பர் 1 ஆகாதா என்று கேட்டாள். அதற்கான நூலைத் தேடி இந்தச் சனிக்கிழமையும் எழும்பூருக்குப் போகிறோம்.