முதல் ஆமை எது? கோலாலம்பூர் செந்தூல் வீட்டு அனுபவம்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லி, என் மாமியார் இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மகளுக்கு ஒன்பது வயது. பூனை முடி பட்டால் அவளுக்கு மூச்சிரைக்கும். அதனால் ஓராண்டாக ஆமைதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஓராண்டும் நான் கடை கடையாக ஏறி இறங்கியதால் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஓட்டின் அழகில் மயங்காதீர்கள். அது பிறந்த மண்ணில் மழை எப்படி, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று முதலில் கேளுங்கள்.

நான் முதலில் மயங்கியது நட்சத்திர ஆமையிடம். உள்ளங்கை அளவு, கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள். ஆவணம் கேட்டேன். "அதெல்லாம் எதற்கு அக்கா, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்றார் கடைக்காரர். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் உயிர் அது. தமிழ்நாட்டிலும் உண்டு, எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறிய மண். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 2019 முதல் இருக்கிறது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே கூடாது. பெட்டிக்குள் அடைபட்டு, கால் நீட்ட இடமின்றி இங்கே கடத்தி வரப்படும் ஆமைகளை நினைத்தபோது எனக்கு வயிறு கலங்கியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து சுல்கத்தா. காஜாங்கில் இருக்கும் உறவுக்கார அண்ணன் ஒருவர் ஆசையாக வாங்கியது, ஏழு ஆண்டில் அரிசி மூட்டை கனத்துக்கு வந்துவிட்டது. சஹாராவின் தென்விளிம்பில், வெயிலுக்குத் தப்ப ஆழமாக வளை தோண்டி வாழும் இனம் இது. அண்ணன் வீட்டிலும் பின்சுவருக்கு அடியில் தோண்டியது. மாலை மழையில் வளைக்குள் தண்ணீர் நிரம்பி, அவரும் மகனும் சேற்றில் படுத்து அதை இழுத்து எடுத்தார்கள். ஆண் ஆமை 80 செண்டிமீட்டர் வரை நீளும், 70 ஆண்டுக்கு மேலும் வாழும். "எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள்?" என்று அண்ணன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மத்திய ஆசியாவின் ரஷ்ய ஆமை 25 செண்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. 1968-இல் சோவியத்தின் ஸோண்டு-5 விண்கலத்தில் நிலவைச் சுற்றி வந்தவை இந்த இனம்தான் என்று மகள் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆனால் காய்ந்த புல்வெளி உயிர். நம் ஊர் ஈரக்காற்று அதற்கு ஆகாது.

கடைசியில் செங்கால் ஆமைக்கு வந்தோம். தென் அமெரிக்க இனம். ஈரமும் வெப்பமும் பழகியது, பெரும்பாலும் 30, 35 செண்டிமீட்டரோடு நிற்கும், குளிர்கால உறக்கம் கிடையாது. செராஸ் சாலையில் உள்ள பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) தலைமையகத்துக்கு நேரில் போய் விவரம் கேட்டு, வளர்ப்பில் பொரித்தது என்பதற்கான தாள்களைப் பார்த்த பிறகே வாங்கினோம். மாணிக்கம் என்று பெயர்.

முதல் மாதம் நான் ஒரு தவறு செய்தேன். இரவில் மகளின் குளிர்சாதன அறையில் வைத்திருந்தேன். ஒரு காலை அதன் மூக்கில் கடுகளவு குமிழ்கள் வந்து வந்து உடைந்தன, மூச்சு விடும்போது மெல்லிய சீழ்க்கை. மருத்துவர் சளி என்றார். பத்து நாள் மருந்து. இப்போது பின்கட்டில், செம்பருத்திச் செடி நிழலில் இருக்கிறது. உதிர்ந்த பூவை முதலில் மோந்து பார்க்கும், பிறகு கழுத்தை நீட்டி ஓரத்தைக் கவ்வி, முன்காலால் மிதித்துக் கிழிக்கும். முருங்கை, மல்பெரி இலை, எப்போதாவது பப்பாளித் துண்டு. பசலையைத் தினமும் போடாதீர்கள், அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் புற ஊதா விளக்கு வாங்கியே ஆக வேண்டும். கண்ணாடி வழியே வரும் வெயிலில் ஓட்டுக்குத் தேவையானது வருவதில்லை. தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சால்மொனெல்லா விளையாட்டல்ல.

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகர்:

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் இரவுச் சந்தையில் ஐம்பது காசு நாணய அளவில் வாங்கியது தரை ஆமையே இல்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க நீர் ஆமை. சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும், கெக் லோக் சி கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்று வாளியில் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த ஆமைகளைப் பார்த்ததும் மனம் வரவில்லை. ஆற்றில் விட்டால் நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிவிடும். வாளியோடு திரும்பிவிட்டேன். பதினோரு ஆண்டாக எங்களோடுதான் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை தொட்டித் தண்ணீர் மாற்றுவது என் வேலை.