புதுப்பிப்பு: காணாமல் போன எக்ஸெப்ஷன் கிடைத்துவிட்டது

போன வாரம் இந்த இழையில் கேட்டிருந்தேன்: எங்கள் ஜாவா நிரலில் இரவில் ஓடும் கோப்பு இறக்குமதி வேலை அவ்வப்போது நின்றுவிடுகிறது, லாகில் (நிரலின் பதிவுக் கோப்பில்) வெறும் நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன் (நல் என்ற வெற்று மதிப்பைப் பயன்படுத்தப் போனால் எழும் எக்ஸெப்ஷன், அதாவது நிரல் ஓடும்போது எழும் பிழை) மட்டும் இருக்கிறது, ஏன் என்று. காரணம் தெரிந்துவிட்டது.

கோப்பே வந்து சேரவில்லை. அதனால் கோப்பைப் படிக்கும் ஃபைல்ரீடரை உருவாக்கும் வரியிலேயே, கோப்பு இல்லை என்று சொல்லும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் எழுந்திருக்கிறது. ரீடர் என்ற மாறியில் (variable) நல் (null) மட்டுமே இருந்தது. அப்புறம் பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பிளாக்கில் ரீடரை மூடப் போன வரி நல்பாயிண்டரை எறிந்தது. ஃபைனலிக்குள் புதிதாக ஒன்று எழுந்தால் முதலில் எழுந்தது தடமில்லாமல் போய்விடும். உண்மையான காரணத்தை நாங்களே அழித்துக்கொண்டிருந்தோம்! மூன்று நாள் தேடியது அதற்காகத்தான்.

இப்போது, திறந்த ரிசோர்ஸை (இங்கே கோப்பு ரீடரை) தானாகவே மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் அமைப்புக்கு மாற்றிவிட்டேன். ஜாவா 7-லிருந்தே, அதாவது 2011 முதலே இருக்கிறது. ரிசோர்ஸ் உருவாகவே இல்லையென்றால் மூடும் வேலையும் நடக்காது. மூடும்போது பிழை வந்தாலும் முதல் எக்ஸெப்ஷன்தான் வெளியே வரும். மற்றது அதனுடன் ஒட்டிக்கொள்ளும், கெட்சப்ரஸ்டு (getSuppressed) மெதட் மூலம் பார்க்கலாம்.

இன்னொரு இடமும் கண்ணில் பட்டது. கேட்சில் (எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் பிளாக்கில்) பிடித்ததை எங்கள் சொந்த எக்ஸெப்ஷனாக மாற்றும்போது கெட்மெசேஜ் (getMessage) தரும் பிழைச் செய்தி உரையை மட்டும் கொடுத்திருந்தோம். மூல எக்ஸெப்ஷனையே காஸாக (cause, காரணமாக) கொடுத்தால்தான் அதன் ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எந்த வரிகளின் வழியே வந்தது என்ற பட்டியல்) தப்பும். அதையும் சரிசெய்தாயிற்று.

ஃபைனலியைப் பாருங்கள் என்று முதலில் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.