மேகமே இல்லாத வானத்தில் காற்றை எப்படி அளக்கிறார்கள்?

வாடைக்காற்று: இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட் எடுக்கும் அரை மணி நேரப் படங்களை அடுத்தடுத்து வைத்து, மேகம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், சரி. மேகமே இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள்? கடல் காற்றுக்கு வேறு தனி செயற்கைக்கோள் இருக்கிறதே, அப்புறம் ஐரோப்பியர்கள் காற்றை அளக்க ஏயோலஸ் என்ற செயற்கைக்கோளை எதற்கு அனுப்பினார்கள்?

கீற்றுமேகம்: காற்றில் உள்ள நீராவியைக் காட்டும் படங்களில் மேகமில்லாத இடத்திலும் ஓரளவு கிடைக்கும். பெரிய சிக்கல் உயரம்தான். மேகத்தின் வெப்பநிலையை வைத்துத்தான் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள், மெல்லிய மேகமாக இருந்தால் கீழிருந்து வரும் வெப்பமும் கலந்துவிடுவதால் உண்மையைவிடத் தாழ்வாகக் காட்டும். வேகம் சரியாக இருக்கும், உயரம் தப்பாகிவிடும்.

கடலோரம்: கடலுக்கு ஸ்கேட்டரோமீட்டர் என்ற ரேடார் கருவி. 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட்-3இல் ஒன்று இருக்கிறது. ரேடார் அலையை அனுப்பி, காற்று எழுப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்புவதை வெவ்வேறு கோணங்களில் பார்த்து வேகமும் திசையும் எடுக்கிறார்கள். அது கேயூ (Ku) பேண்ட், அதாவது குறுகிய அலைநீளம் என்பதால் கனமழையில் தடுமாறும், அதாவது புயலின் நடுவே, நமக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில். ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களில் இருக்கும் ஆஸ்கேட் என்ற ஸ்கேட்டரோமீட்டர் சி (C) பேண்ட், அலைநீளம் அதிகம், மழை அதை அவ்வளவாகப் பாதிக்காது. அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நல்லது. ஆனால் இரண்டுமே கடல் மட்டத்துக் காற்றோடு சரி.

வாடைக்காற்று: அப்போ மேலே இருக்கும் காற்றுக்குத்தான் ஏயோலஸா?

கீற்றுமேகம்: ஆமாம். 2018 ஆகஸ்டில் போனது. 355 நானோமீட்டர் புறஊதா லேசரைக் கீழே அடித்தால் காற்றின் மூலக்கூறுகளே கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும், அந்த ஒளியின் அலைநீளம் துளி மாறியிருப்பதை வைத்து வேகம் தெரியும். திரும்பி வர எடுக்கும் நேரம் உயரத்தைச் சொல்லிவிடும், அங்கே ஊகத்துக்கே வேலை இல்லை. ஆனால் லேசர் பார்க்கும் திசையிலான வேகம் மட்டும்தான் கிடைக்கும், பெரும்பாலும் கிழக்கு மேற்கு. அடர்ந்த மேகத்துக்குக் கீழேயும் ஒன்றும் தெரியாது, அங்கே மேக நகர்வுதான் கைகொடுக்கும்.

நம் பக்கம் இதன் அருமை இன்னும் அதிகம். ஐரோப்பா மாதிரி அட்சரேகைகளில் அழுத்த வேறுபாட்டை வைத்தே காற்றை ஓரளவு கணித்துவிடலாம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க பூமி சுழற்சியின் விளைவு குறைவதால் அந்தக் கணக்கு எடுபடாது, காற்றை நேராகவே அளந்தாக வேண்டும். சென்னையில் மேல்காற்றை அளக்கப் பலூன் விடுகிறார்கள், இந்தியப் பெருங்கடல் நடுவில் யார் விடுவது?

வாடைக்காற்று: ஏயோலஸ் இப்போதும் இருக்கிறதா?

கீற்றுமேகம்: இல்லை, 2023 ஜூலையில் இறக்கிவிட்டார்கள். ஏயோலஸ்-2 வரப்போவது 2030களில்தான். அவ்வளவு நாள் இடைவெளி விட்டிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.