பெரியப்பாவின் மாத்திரைப் பை

கவிதா: அப்பாவுக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, அதனால் பணத்துக்கு அலையவில்லை. ஆனால் நேற்றிலிருந்து அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, டம்ளர் பிடிக்க முடியவில்லை, இரண்டு தடவை வாந்தி வேறு.

செல்வி அத்தை: ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பயம்தான். ரசம் சாதம் கொடும்மா.

பிரபு: பயம் இல்லை அத்தை. அக்கா, பெரியப்பா மனநலத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுவதை இதய டாக்டரிடம் சொன்னீர்களா?

கவிதா: கேட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் நம் ஊர்க்காரர் இருந்தார், சுகர் மாத்திரை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

பிரபு: புதிதாகப் பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ கொடுத்தார்களா? அதில் சில வகை லித்தியத்தை வெளியேற விடாது, ரத்தத்தில் அளவு ஏறினால் இப்படித்தான் நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் வரும். இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி லித்தியத்தை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஸ்டென்டுக்குக் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

செல்வி அத்தை: லித்தியம் விஷயத்தைச் சொன்னால் அட்டையையே ரத்து செய்துவிட மாட்டார்களா?

பிரபு: மாட்டார்கள். காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய் மாதிரியே நடத்த வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே இருக்கிறது. சிக்கல் வேறு. அட்டை, படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் லித்தியம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இலவசம். சுகர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. மூன்று இடத்து மாத்திரையும் ஒரே பையில் கிடக்கிறது, ஒருத்தர் கொடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது.

சங்கர்: அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்க அக்கா, சீட்டு தேடி நேரம் போக்காதீங்க. ஆட்டோ அனுப்பிவிட்டேன்.

செல்வி அத்தை: பேத்திக்கு வரன் பார்க்கிற நேரம்...

சங்கர்: இத்தனை வருஷம் கடையை நடத்தியது அந்த மாத்திரையை விடாமல் போட்டதால்தான் அத்தை.

கவிதா: அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தாயிற்று, சலைன் ஏறுகிறது. மனநல டாக்டருக்கும் போன் போட்டுப் பேசினார்கள். நான் வாய் திறப்பதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார்: "லித்தியம், 2003லிருந்து."

பிரபு: அப்பாடா. ஒரு நோட்டில் எல்லா மாத்திரையும் எழுதுங்கள் அக்கா, ஊசிக்குப் போனாலும் அது கூடவே போகட்டும். ராத்திரி மனநல விஷயமாகக் கேட்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

செல்வி அத்தை: எந்த வார்டு? ரசம் கொண்டு வரலாமா என்று கேட்டுச் சொல்.